பெயர் பொறித்த கற்களும் எண் பொறித்த கற்களும்

திருவண்ணாமலையிலிருந்து பெங்களூருக்குப் பேருந்தில் செல்கிறவர்களுக்குச் செங்கம் என்பது வழியில் வந்து போகும் ஒரு சிறு நகரம். சவ்வாது மலையில் பிறக்கும் செய்யாற்றின் கரையில், மேற்கே கணவாய்க்கு வாயிலாக அமைந்த ஊர். தமிழ் இலக்கியம் பயின்றவர்களுக்கோ அது பத்துப்பாட்டின் ஊர். மலைபடுகடாம் என்னும் 583 அடிப் பெரும்பாட்டு இந்த நிலத்தைத்தான் பாடுகிறது. அதன் பாட்டுடைத் தலைவன் நன்னன் ஆண்ட செங்கண்மாவே இன்றைய செங்கம் என்பது அறிஞர் பலரும் ஏற்றுக்கொண்ட கருத்து.

ஆற்றுப்படை நூல்களை நாம் பெரும்பாலும் பரிசிலுக்காகவே படிக்கிறோம். வள்ளலின் கொடையும் விருந்தின் சுவையும் நினைவில் நிற்கின்றன, வழி மறந்துவிடுகிறது. மலைபடுகடாத்தில் வழியே பெரும்பகுதி. எங்கே கால் வழுக்கும், எங்கே யானைக்கு அஞ்சி ஒதுங்க வேண்டும், எந்தச் சீறூரில் என்ன உணவு கிடைக்கும் என்றெல்லாம் ஒரு கூத்தர் தலைவன் மற்றொருவனுக்குச் சொல்லிச் செல்கிறான். அந்தக் குறிப்புகளுக்கு நடுவே, புறமுதுகிட நாணிய மறவரின் பெயரைப் பொறித்து நட்ட கற்கள் வழியில் பல இருக்கும் என்கிறான். உங்கள் மரபுப்படி அவற்றுக்கு யாழ் இசைத்துவிட்டு விரைந்து செல்லுங்கள் என்கிறான். கல்லின் வடிவத்தையோ அளவையோ அவன் பெரிதுபடுத்தவில்லை. அதில் பெயர் இருக்கிறது என்பதைச் சொல்ல மறக்கவில்லை.

இந்தப் 'பெயர்' என்ற ஒன்றைப் பற்றியே இங்கே எழுத நினைக்கிறேன். போர் நினைவுச் சின்னங்களைக் காப்பது பற்றிப் பேசும்போது கல்லைக் காப்பதையே பேசுகிறோம். கல் எதற்காக நடப்பட்டதோ அதைக் காப்பது வேறு வேலை.

செங்கம் பகுதியின் நடுகற்களைத் தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை ஊர் ஊராகத் தேடித் தொகுத்து, 'செங்கம் நடுகற்கள்' என்ற நூலை 1972-இல் வெளியிட்டது. பதிப்பாசிரியர் இரா. நாகசாமி. சங்கப் பாடல்களில் மட்டுமே நடுகல்லைக் கண்டிருந்த தமிழாசிரியர்களுக்கு அந்நூல் ஒரு திறப்பு. சிம்மவிஷ்ணு, மகேந்திரவர்மன் ஆகிய பல்லவ மன்னர்களின் ஆட்சியாண்டுகளைக் குறிக்கும் வட்டெழுத்துக் கற்கள் வயல் வரப்புகளிலும் ஏரிக்கரைகளிலும் புதர்களிலும் நின்றிருந்தன. பல்லவர் கால வரிசைக்கும் வட்டெழுத்தின் வளர்ச்சிக்கும் அவை தந்த சான்றுகளைப் பற்றி நிறைய எழுதப்பட்டுவிட்டது. அக்கற்களில் யார் யாருக்கு இடம் கிடைத்தது என்பது அந்த அளவுக்குப் பேசப்படவில்லை.

எடுத்தனூர்க் கல்லை எடுத்துக்கொள்வோம். மகேந்திரவர்மனின் முப்பத்து நான்காம் ஆட்சியாண்டைக் குறிப்பது. ஏழாம் நூற்றாண்டின் தொடக்கம் எனலாம். மன்னன் பெயர் ஆண்டைக் குறிக்க மட்டுமே வருகிறது. வாணகோ அரைசர் என்ற குறுநிலத் தலைவரின் மருமக்களான பொற்றொக்கையாரிடம் ஊழியம் செய்த கருந்தேவக்கத்தி என்பவன், எருமைகளைக் காக்கும் முயற்சியில் இறந்தான். அவனுக்கு நட்ட கல் அது. அத்துடன் முடிந்திருந்தாலும் நமக்கு வியப்பு இருந்திருக்காது. கல் மேலும் பேசுகிறது. அவனுடைய நாய் கள்ளனைக் கடித்துக் காத்து நின்றது என்கிறது. அந்த நாயின் பெயரையும் சொல்கிறது: கோவிவன். வீரனின் உருவத்தருகே நாயின் உருவமும் செதுக்கப்பட்டிருக்கிறது.

ஒரு பேரரசன், ஒரு சிற்றரசர், ஒரு சேவகன், ஒரு நாய். நால்வருக்கும் அந்தச் சிறிய கல்லில் இடம் உண்டு. பேரரசனின் பெயரைச் சொல்ல மாமல்லபுரமும் மண்டகப்பட்டும் இருக்கின்றன. கருந்தேவக்கத்திக்கும் கோவிவனுக்கும் எடுத்தனூரை விட்டால் உலகில் வேறு இடம் கிடையாது. அந்தக் கல்லின் எழுத்துகள் சிதைந்திருந்தால், அவர்கள் வாழ்ந்ததே இல்லை என்று ஆகியிருக்கும்.

எடுத்தனூர் தனிச் சான்று அன்று. விழுப்புரம் பக்கம் அரசலாபுரத்தில் சண்டையில் வென்ற ஒரு சேவலுக்குக் கல் நட்டிருக்கிறார்கள். முகையூர் மேற்சேரிச் சேவல் என்று சேரியின் பெயரோடு அது குறிக்கப்பட்டிருக்கிறது. இந்தளூரிலும் ஒரு சேவலுக்குக் கல் உண்டு. கீழ்ச்சேரியைச் சேர்ந்த அச்சேவலுக்குப் பொற்கொற்றி என்று பெயர். இவற்றை விந்தைச் செய்திகளாகவே நாளிதழ்கள் வெளியிட்டு வருகின்றன. விந்தை ஒன்றுமில்லை. யாருக்காகக் கல் நடுகிறோமோ அவரைப் பெயர் சொல்லி அழைக்க வேண்டும் என்பது இந்நிலத்தின் வழக்கம். அந்த வழக்கத்தைச் சேவல் வரைக்கும் நேர்மையாக நீட்டியிருக்கிறார்கள்.

வகுப்பில் புறத்திணையியல் நடத்தும்போது ஆண்டுதோறும் ஒன்றைக் கவனிக்கிறேன். காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்தல் என்று தொல்காப்பியம் கூறும் ஆறு நிலைகளையும் மாணவர்கள் தேர்வுக்காக மனப்பாடம் செய்துவிடுகிறார்கள். அவர்கள் மனத்தில் அந்தக் கல் ஓர் அரசனுக்கோ பெரும்படைத் தலைவனுக்கோ உரியது. செங்கம் கற்களின் வாசகங்களைக் காட்டினால் சற்றுத் திகைக்கிறார்கள். 'தொறு' என்ற சொல் திரும்பத் திரும்ப வருகிறது. தொறு என்றால் ஆநிரை. தொறு மீட்டுப் பட்டான், தொறுக் கொண்டபோது பட்டான் என்பவையே பெரும்பாலான கற்கள் சொல்லும் வரலாறு. பேரரசுகளின் போர் வேறெங்கோ நடந்தது. இங்கே நடந்தது மாட்டுக்காக நடந்த சண்டை. வெட்சியும் கரந்தையும் இலக்கணத்தில் மட்டும் வாழ்ந்த திணைகள் அல்ல என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2006-இல் கண்டறிந்த தமிழி எழுத்து நடுகற்கள் இந்த மரபைச் சங்க காலத்துக்கே கொண்டு சென்றன. அவற்றுள் ஒன்று கூடலூர் ஆகோள் பூசலில் இறந்த தீயன் அந்தவனின் கல். மிகச் சில சொற்கள். அதற்குள் ஊர், நிகழ்ச்சி, ஆள் ஆகிய மூன்றும் அடங்கிவிடுகின்றன. சில சொற்களுக்கு மட்டுமே இடம் இருந்தால் எதை விடக் கூடாது என்பதை அந்தக் கல்வெட்டைப் பொறித்தவன் அறிந்திருந்தான்.

நடுகற்களை மிகையாகப் போற்றவும் கூடாது. எடுத்தனூர்க் கல்லில் நாய்க்குப் பெயர் உண்டு. நாய் கடித்த மனிதனுக்குப் பெயர் இல்லை. அவன் 'கள்ளன்', அவ்வளவே. அந்தக் கள்ளனும் ஏதோ ஒரு தலைவனின் ஏவலில் வந்தவனாக இருக்கலாம். அவன் ஊரில் அவனுக்கு ஒரு கல் நட்டிருக்கலாம். தொறுக் கொள்ளச் சென்று இறந்தவர்களுக்கும் கற்கள் உண்டு என்பதால் இது வெறும் கற்பனை அன்று. ஓர் ஊரின் கள்ளன் மற்றோர் ஊரின் வீரன். உள்ளூர் வரலாறு எழுதுகிறவன் இரண்டு கற்களையும் சேர்த்துப் படிக்க வேண்டியவன்.

இனி ஆயிரம் ஆண்டுகளைத் தாண்டி வருவோம். 1767 செப்டம்பரில் இதே செங்கத்தில் ஒரு பெரும்போர் நடந்தது. முதல் மைசூர்ப் போரின் தொடக்கக் கட்டம். கணவாய் வழியே இறங்கிய ஹைதர் அலியும் ஹைதராபாத் நிஜாமும் ஒருபுறம். கர்னல் ஜோசப் ஸ்மித் தலைமையில் கிழக்கிந்தியக் கம்பெனிப் படை மறுபுறம். அதே மாதத்தில் திருவண்ணாமலையில் அடுத்த போர். வரலாற்று நூல்களைப் புரட்டினால் தலைவர்களின் பெயர்கள் கிடைக்கின்றன. படைகள் எந்த வழியில் வந்தன, எங்கே உணவு தீர்ந்தது என்பதும் கிடைக்கிறது. இறந்த சிப்பாய்கள் இரு பக்கத்திலும் எண்ணிக்கையாகவே வருகிறார்கள். அவர்களுள் எத்தனை பேர் தமிழ் பேசியவர்கள், எந்தெந்த ஊரார் என்று கேட்டால் அந்நூல்களிடம் பதில் இல்லை. ஏழாம் நூற்றாண்டில் எருமை மீட்டவனுக்குக் கிடைத்தது, பதினெட்டாம் நூற்றாண்டில் பேரரசுகளுக்காகப் போரிட்டவனுக்குக் கிடைக்கவில்லை.

பெயர் எண்ணாக மாறியதை இன்னும் தெளிவாகக் காண வேலூர் வரை செல்ல வேண்டும். அங்கே லாங் பஜார் மணிக்கூண்டில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. இந்தக் கிராமத்திலிருந்து 277 பேர் 1914-18 பெரும்போருக்குச் சென்றனர், அவர்களுள் 14 பேர் உயிர் துறந்தனர் என்பது அதன் ஆங்கில வாசகத்தின் பொருள். இதே வாசகம், எண்கள் மட்டும் மாறி, இந்தியாவின் பல பகுதிகளில் பள்ளிச் சுவர்களிலும் சாவடிகளிலும் அரசு அலுவலகங்களிலும் பதிக்கப்பட்டிருக்கிறது. கோட்டையும் கடைவீதியும் கொண்ட வேலூர் நகரத்தைக் 'கிராமம்' என்று அந்தக் கல் அழைப்பதைக் கவனியுங்கள். ஊரைப் பார்த்து எழுதப்பட்ட வாசகம் அன்று அது. அச்சடித்த விண்ணப்பத்தில் இடைவெளியை நிரப்புவதுபோல ஊர்ப் பெயரும் இரண்டு எண்களும் நிரப்பப்பட்டிருக்கின்றன.

முதல் உலகப் போருக்கு இந்தியாவிலிருந்து படைவீரர்களும் கூலிப்படையினருமாகப் பதின்மூன்று இலட்சம் பேருக்கு மேல் சென்றனர். எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் திரும்பவில்லை. சென்னை மாகாணத்தின் பங்கு தொண்ணூறாயிரத்துக்கும் அதிகம். அவர்களுள் ஏறத்தாழப் பாதிப் பேர் ஆயுதம் ஏந்தாதவர்கள். சுமை தூக்கியவர்கள், சமைத்தவர்கள், சாலை போட்டவர்கள். மெசபடோமியா என்ற பெயரை அதற்கு முன் கேட்டேயிராத ஊர்களிலிருந்து மெசபடோமியாவுக்குச் சென்றார்கள். பஞ்சத்துக்கும் கடனுக்கும் தப்பிச் சென்றவர் உண்டு. மாதச் சம்பளத்துக்காகச் சென்றவர் உண்டு. வேலூருக்கு அருகில் உள்ள கம்மவான்பேட்டையை மக்கள் 'இராணுவப்பேட்டை' என்றே அழைக்கிறார்கள். அத்தனை வீடுகள் படைக்கு ஆள் கொடுத்த ஊர்.

பெயர் ஏன் விடுபட்டது? கல்லை நட்டவர் யார் என்பதில் இதற்கு விடை இருக்கிறது. நடுகல்லை நட்டவர்கள் இறந்தவனின் உறவினர்கள், ஊரார், அவனை ஏவிய தலைவன். அவர்களுக்கு அவன் ஓர் ஆள். பெரும்போர்க் கல்லைப் பதித்தது அரசு. அரசுக்கு அவன் ஊர் செலுத்திய பங்கு. நிலவரிக் கணக்கில் ஊர்ப் பெயருக்கு எதிரே தொகை இருப்பதுபோல இங்கே ஆட்கணக்கு இருக்கிறது. கல் பதித்த நாளில் அந்தப் பதினால்வர் யார் யார் என்று கடைவீதியில் எல்லோருக்கும் தெரிந்திருக்கும், எழுதத் தேவையில்லை என்று ஒருவர் சமாதானம் சொல்லலாம். ஆனால் கல் என்பது தெரிந்தவர்களுக்காக நடப்படுவது அன்று. தெரிந்தவர்கள் எல்லோரும் போன பிறகு வருகிறவர்களுக்காக நடப்படுவது.

இது ஒரு மணிக்கூண்டோடு நின்ற வழக்கமும் அன்று. பிரான்சில் நவ்சப்பேல் என்ற இடத்தில் 1927-இல் திறக்கப்பட்ட இந்திய நினைவகத்தில் 4,700-க்கும் மேற்பட்ட இந்திய வீரர்களின் பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. இராக்கில் பஸ்ரா நினைவகத்தில் நிலைமை வேறு. அங்கே இந்தியப் படையின் அதிகாரிகளுக்குப் பெயர் உண்டு. சாதாரணச் சிப்பாய்கள் அவரவர் படைப்பிரிவின் கீழ் எண்ணிக்கையாக மட்டும் பொறிக்கப்பட்டார்கள். ஐரோப்பியர் கண்ணில் படும் மண்ணில் இறந்தவனுக்குப் பெயர். பாலைவனத்தில் இறந்தவனுக்கு எண். பெயர்கள் கிடைக்காததனால் நேர்ந்தது அன்று இது. அவற்றுள் பலவும் ஏடுகளில் இருந்தன. காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம் அமைத்த குழு 2021 ஏப்ரலில் வெளியிட்ட அறிக்கை இந்த வேறுபாட்டை வெளிப்படையாக ஒப்புக்கொண்டது. ஆசிய, ஆப்பிரிக்க வீரர்கள் 45,000 முதல் 54,000 பேர் வரை சமமற்ற முறையில் நினைவுகூரப்பட்டனர் என்றும், குறைந்தது 1,16,000 பேர் பெயராலோ, ஏன், எவ்வகையிலுமோ நினைவுகூரப்படவே இல்லை என்றும் அது கூறியது. ஆணையம் மன்னிப்பும் கேட்டது.

மன்னிப்பைவிட நமக்குப் பயன்படும் செய்தி, பெயர்களை மீட்க முடியும் என்பதே. பஞ்சாப் மாகாணத்திலிருந்து போருக்குச் சென்ற சுமார் 3,20,000 பேரின் ஊர்வாரிப் பதிவேடுகள் லாகூர் அருங்காட்சியகத்தில் கேட்பாரின்றிக் கிடந்தன. அவற்றைப் படியெடுத்துக் கணினியில் ஏற்றும் பணியின் முதற்பகுதி 2021 நவம்பரில் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. தன் ஊர்ப் பெயரைத் தட்டித் தன் முப்பாட்டனைக் கண்டவர்கள் இன்று இருக்கிறார்கள். தமிழ்நாட்டு வீரர்களைப் பொறுத்தவரையிலும் கல்லறை ஆணையத்தின் பதிவுகள் இணையத்தில் எல்லோருக்கும் கிடைக்கின்றன. பல பதிவுகளில் இறந்தவரின் தந்தை பெயர், ஊர், வட்டம், மாவட்டம் எல்லாம் இருக்கின்றன. வட ஆர்க்காடு என்று தேடினால் இன்றைய வேலூர், திருவண்ணாமலை மாவட்டங்களைச் சேர்ந்த ஊர்கள் ஒவ்வொன்றாக வரும். இடையூறு எழுத்துக்கூட்டலில்தான். முனுசாமியை எத்தனை விதமாக ஆங்கிலத்தில் எழுத முடியுமோ அத்தனை விதமாகவும் எழுத்தர்கள் எழுதியிருக்கிறார்கள். ஊர்ப் பெயர்கள் இன்னும் மோசம். சிதைந்த ஆங்கில எழுத்துக்குள்ளிருந்து ஒரு தமிழ் ஊரைக் கண்டுபிடிக்க அந்த வட்டாரத்தில் பிறந்தவரால்தான் முடியும். இலண்டனில் இருக்கும் ஆய்வாளருக்கு இல்லாத தகுதி செங்கத்துக் கல்லூரி மாணவனுக்கு இருக்கிறது.

நடுகற்களின் பக்கம் கவலை வேறு வகையானது. அவற்றில் பெயர் இருக்கிறது. அந்தப் பெயர் அழிந்துகொண்டிருக்கிறது. செங்கம், தருமபுரி, கிருஷ்ணகிரி வட்டாரங்களில் பல நடுகற்கள் வேடியப்பன் என்ற தெய்வமாக வழிபடப்படுகின்றன. இத்தனை நூற்றாண்டுகள் அவை உடைபடாமல் நின்றதற்கு அந்த வழிபாடே காரணம். எந்தச் சட்டமும் செய்திராத காவலை ஒரு படையலும் ஒரு மஞ்சள் துணியும் செய்திருக்கின்றன. ஆனால் வழிபாட்டின் முறை மாறியிருக்கிறது. எண்ணெயும் மஞ்சளும் கழுவினால் போகும். எனாமல் வண்ணம் போகாது. திறந்தவெளித் தெய்வத்துக்குச் சிமெண்டு மேடையும் பளிங்கு ஓடும் வரும்போது, வீரனின் முகம் மேலே தெரிகிறது, அவன் பெயர் மேடைக்குள் புதைந்துபோகிறது. பக்தியில் குறையில்லை. அந்தச் சாமிக்குச் சொந்தப் பெயர் ஒன்று உண்டு என்று அவர்களிடம் யாரும் படித்துச் சொல்லவில்லை.

எல்லாக் கற்களையும் அருங்காட்சியகத்துக்குக் கொண்டுவந்துவிடலாமே என்பவர்கள் உண்டு. சாலை விரிவாக்கத்தில் சிக்கிய கல்லுக்கு அது சரி. வழிபாட்டில் உள்ள கல்லைப் பெயர்த்தால் ஊர் தன் தெய்வத்தை இழக்கும். கல் தன் ஊரை இழக்கும். எந்த ஏரிக்கரையில், எந்தத் திசை நோக்கி, எந்தப் பழைய வழியில் நின்றது என்பதும் வரலாற்றின் பகுதியே. ஆகவே கல் நிற்கும் இடத்திலேயே நிற்கட்டும். படித்த வாசகம் ஒரு சிறு பலகையில் அருகே நிற்கட்டும். பூசாரிக்கும் ஊர்ப் பெரியவர்க்கும் அந்தப் பெயரை எடுத்துச் சொன்னால், மேடை கட்டும்போது இரண்டு முழம் தள்ளிக் கட்டுவார்கள்.

சட்டம் நம் பக்கம் ஓரளவு இருக்கிறது. தொல்பொருள் சின்னங்களுக்கான 1958-ஆம் ஆண்டு மத்தியச் சட்டம், நூறாண்டுக்குக் குறையாத கல்வெட்டுகளையும் பழஞ்சின்னம் என்ற வரையறைக்குள் கொண்டுவருகிறது. தமிழ்நாட்டுக்கு 1966-ஆம் ஆண்டுச் சட்டம் தனியே உண்டு. போர் முடிந்த கையோடு பதித்த பெரும்போர்க் கற்கள் அந்த நூறாண்டை இப்போது தாண்டிவிட்டன. ஆனால் வயது வந்ததனாலேயே காவல் வந்துவிடாது. அரசு ஒவ்வொன்றையும் முறைப்படி அறிவிக்க வேண்டும். அறிவிக்க வேண்டுமானால் எது எங்கே இருக்கிறது என்ற பட்டியல் வேண்டும். பழைய பள்ளிக் கட்டிடத்தை இடிக்கும்போது சுவரில் பதித்த கல் இடிபாட்டோடு லாரியில் ஏறுவதைத் தடுப்பதற்கும் அந்தப் பட்டியல்தான் வேண்டும்.

இதற்குப் பெரிய நிறுவனம் தேவையில்லை. ஒவ்வொரு சிறு நகரத்திலும் ஒரு கல்லூரியோ மேல்நிலைப் பள்ளியோ இருக்கிறது. தமிழாசிரியர் ஒருவராவது இருக்கிறார். காலை, மாலைச் சாய்வெயிலில் எடுத்த தெளிவான நிழற்படம், நிற்கும் இடம், அளவு, வாசகம், ஊரார் சொல்லும் கதை ஆகிய ஐந்தும் இருந்தால் ஒரு கல்லின் பதிவு நிறைவு பெறும். ஈரத்தாளைக் கல்லின்மேல் படியவைத்துத் தூரிகையால் தட்டி மை ஒற்றி எடுக்கும் மைப்படியைத் தொல்லியல் துறையினரிடம் விட்டுவிடலாம். எழுத்தைச் சுரண்டிப் பார்க்கும் ஆர்வத்தை மட்டும் அடக்கிக்கொள்ள வேண்டும். முதுகலை மாணவர்கள் ஆய்வேடு என்ற பெயரில் ஒரே நாவலாசிரியரின் சமுதாயப் பார்வையை ஆண்டுக்கு ஆண்டு எழுதிக்கொண்டிருப்பதற்குப் பதிலாக, ஆளுக்கு ஐந்து ஊர் என்று பிரித்துக்கொண்டால் ஒரு வட்டத்தின் வரலாறு மூன்றாண்டில் கைக்கு வந்துவிடும்.

எழுத்து அழிவதைப் பற்றிய கவலை நமக்குப் புதிதன்று. வழிப்போக்கர் அம்பு தீட்டித் தீட்டித் தேய்ந்துபோன நடுகல்லையும், அதில் எழுத்து இருந்தும் நின்று முழுதும் படிக்காமல் செல்வோரையும் அகநானூற்றுப் புலவர்கள் பாலைக் காட்சிகளில் குறித்திருக்கிறார்கள். பெயர் பொறித்தும் படிக்க ஆளில்லாத நிலையை அவர்கள் அன்றே கண்டார்கள். பெயரே பொறிக்காத கல்லை அவர்கள் கண்டதில்லை. அது நம் காலத்துக்கு வந்து சேர்ந்த வேலை.

வேலூர் மணிக்கூண்டின் பதினால்வரும் யாரோ ஒருவரின் மக்கள். ஏதோ ஒரு தெருவினர். அவர்களுள் சிலருடைய பெயராவது எங்கோ ஓர் ஏட்டில், தவறான எழுத்துக்கூட்டலோடு, தேடுவாருக்காகக் காத்திருக்கக் கூடும். கோவிவன் என்ற நாயின் பெயரை 1,400 ஆண்டுகள் காத்துத் தந்த நிலத்தில், நூறாண்டுக்கு முன் இறந்த பதினான்கு மனிதர்களின் பெயர்களைத் தேடித் தருவது நமக்கு இயலாத காரியம் அன்று.